பழைய அமெரிக்க ஃபர் தொப்பி வாங்குவது எப்படி: முதலில் விலங்கு, அப்புறம் வயது, கடைசியில் விலை

அமெரிக்காவின் மேற்குக் குடியேற்றக் காலத்து (ஏறக்குறைய 1800 முதல் 1890 வரை) குளிர்காலத் தொப்பி ஒன்றை வாங்க நினைப்பவர்களில் பாதிப் பேர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். படம் பிடித்துப்போகிறது, விலை கட்டுப்படியாகிறது, பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அது எந்த விலங்கின் தோல், எத்தனை வருடப் பழசு என்றெல்லாம் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் விசாரிக்கிறார்கள். அதற்குள் தொப்பி அவர்கள் கையில், சிக்கலும் அவர்கள் தலையில்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை விலங்கு முடிவு செய்கிறது. அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டா என்பதை வயது முடிவு செய்கிறது. இந்த இரண்டும் தெரியாத வரை விலை வெறும் எண்தான்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பட்டியல்களில் 'பீவர் ஹேட்' என்று வருவதில் பெரும்பகுதி ஃபர் தொப்பியே அல்ல. பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் அடிமயிரைத் தோலிலிருந்து பிரித்து, அழுத்தி, ஃபெல்ட் ஆக்கிச் செய்தவை அவை. உயரமான கனவான் தொப்பிகள் பல அந்த வகை. ஃபெல்ட் தயாரிப்பில் பாதரச நைட்ரேட் பூசுவது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் அதை நிறுத்தினார்கள். எனவே பழைய ஃபெல்ட் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்காதீர்கள், வெறும் கையால் தேய்க்காதீர்கள்.

இங்கே பேசுவது தோலோடு மயிரும் சேர்ந்த தொப்பிகளைப் பற்றி மட்டும். சந்தையில் அடிக்கடி கண்ணில் படுபவை: வால் தொங்கும் ரக்கூன் (வளையம் போட்ட வாலுள்ள சிறு காட்டு விலங்கு) தொப்பி, காதை மூடும் மடல் (காதுமடல்) வைத்த மஸ்க்ராட் (நீர்நிலைகளில் வாழும் எலி வகை) தொப்பி, கறுப்புச் சாயம் ஏற்றிய கடல்நாய்த் தோல் தொப்பி, பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) தோல் தொப்பி, நீர்நாய்த் தோல் தலைப்பாகை. 1870களின் கடைசியிலும் 1880களிலும் வட சமவெளிக் கோட்டைகளில் இருந்த படைவீரர்களுக்கு மஸ்க்ராட் தொப்பி கொடுத்தார்கள். ராணுவத் தொப்பி என்று சொன்னாலே விலை ஏறிவிடும். அதனால் போலி செய்பவர் முதலில் குத்துவது உள்ளே உள்ள முத்திரையைத்தான். முத்திரையை நம்பி வாங்காதீர்கள். தொப்பி சரியாக இருந்து, முத்திரையும் அதோடு ஒத்துப்போனால் சரி.

2. விலங்கைக் கண்டுபிடியுங்கள்

மயிரை ஊதிப் பிரித்துப் பாருங்கள். உண்மையான ஃபரில் இரண்டு அடுக்கு இருக்கும்: நீளமான, சற்று முரடான மேல்மயிர், அதற்குக் கீழே பஞ்சு போன்ற அடிமயிர். அடியில் தோல் தெரிய வேண்டும். நெய்த துணியோ பின்னலோ தெரிந்தால் அது செயற்கை. சந்தேகம் தீரவில்லையா? தானாக உதிர்ந்த ஒரு மயிரை மட்டும் இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பல் மிஞ்சினால் விலங்கு மயிர். உருகிக் குண்டுமணி போல் இறுகினால் பிளாஸ்டிக்.

இனத்தைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள்:

ரக்கூன்: மேல்மயிர் ஒவ்வொன்றிலும் வெளிர், கருமை என மாறி மாறி நிறம், நுனி கறுப்பு. அடிமயிர் பழுப்பு கலந்த சாம்பல். வாலில் கறுப்பு வளையங்கள். வால் மட்டும் ரக்கூனாகவும் தொப்பி முயலாகவும் இருப்பது மிகச் சாதாரணம். வாலையும் உடலையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மஸ்க்ராட்: சின்ன விலங்கு, அதனால் ஒரு தொப்பிக்குப் பல தோல் துண்டுகள். முதுகு பழுப்பு, வயிறு வெள்ளி நிறம். உள்ளே இணைப்புத் தையல் நிறைய இருக்கும்.

கடல்நாய்: மேல்மயிரை முழுக்கப் பிடுங்கிவிட்டு அடிமயிரை மட்டும் சாயம் ஏற்றியிருப்பார்கள். வெல்வெட் போல் அடர்த்தி. இதைத்தான் முயலையும் மஸ்க்ராட்டையும் வைத்துப் போலி செய்தார்கள். 'ஹட்சன் சீல்' என்று பெயர் இருந்தால் அது கத்தரித்துச் சாயமிட்ட மஸ்க்ராட். 'எலெக்ட்ரிக் சீல்' என்றால் முயல். வணிகப் பெயரில் 'சீல்' இருப்பதால் மட்டும் பயந்துவிடவும் வேண்டாம், மகிழ்ந்துவிடவும் வேண்டாம்.

பைசன்: கம்பளி போல் சுருண்டு, முரடாக, கரும்பழுப்பாக இருக்கும். தோல் கனம்.

நாய்: ஆம், நாய்த் தோலிலும் குளிர் உடைகள் தைத்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நாய், பூனை ரோமத்தை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்வதும் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதும் குற்றம். 'ஓநாய்' என்று விற்கப்படுவதில் நாய் இருக்கலாம், 'நாய்' என்று ஒதுக்கியதில் கொயோட் (ஓநாய் போன்ற சிறிய காட்டு விலங்கு) இருக்கலாம். கண்ணால் முடிவு கட்டாதீர்கள். மயிரின் குறுக்கு வெட்டையும் செதில் வடிவத்தையும் நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்லும் நிபுணரிடம் நாலைந்து மயிரைக் கொடுங்கள். விலையுயர்ந்த தொப்பி என்றால் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கவே கூடாது.

3. வயதைத் தொப்பியிடமே கேளுங்கள்

விற்பவர் சொல்லும் தாத்தா கதையை ஒரு ஓரமாக வையுங்கள். தொப்பியைக் குப்புறக் கவிழ்த்து, உள்பக்கத்தைப் பாருங்கள். வயது சொல்லும் சாட்சிகள் எல்லாம் அங்கேதான். ஒரு பொருளில் இருக்கும் மிகப் புதிய பாகத்தைவிட அந்தப் பொருள் பழையதாக இருக்க முடியாது என்பதே விதி.

- விலங்கின் பெயரும் ஃபர் வந்த நாடும் அச்சிட்ட லேபிள்: அமெரிக்க ஃபர் லேபிள் சட்டம் 1951இல் இயற்றப்பட்டு 1952 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்த லேபிள் இருந்தால் குடியேற்றக் காலத்துத் தொப்பி என்ற பேச்சு முடிந்தது.
- துவைக்கும் முறை சொல்லும் லேபிள்: 1972க்குப் பின்.
- 5 இலக்க ஜிப் கோடு அச்சிட்ட கடை முகவரி: 1963க்குப் பின்.
- 'யுனைடெட் ஹேட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ்' சங்க லேபிள்: அந்தச் சங்கம் 1934இல்தான் அந்தப் பெயரில் இணைந்தது.
- அழுத்து பட்டன்: அதற்கான காப்புரிமையே 1885. காதுமடலில் அது இருந்தால் '1840கள்' என்ற பேச்சுக்கு இடமில்லை.
- ரேயான் லைனிங்: அமெரிக்காவில் 1910க்குப் பின். நைலான் நூல்: 1930களின் கடைசிக்குப் பின்.
- லைனிங்கில் தையல் மிஷின் தையல்: 1850களுக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம்.
- தோலின் வெட்டு விளிம்பில் நீலச் சாம்பல் நிறம்: குரோம் பதனிடல் (குரோமிய உப்பால் தோலைப் பதப்படுத்துவது). அமெரிக்கக் காப்புரிமை 1884. அதற்கு முந்தைய மலைவாழ் வேட்டைக்காரர் தொப்பி என்று சொல்லி, விளிம்பில் இந்த நிறம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இதில் ஒரு சிக்கல். லைனிங்கைப் பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம். அப்போது புதுத் துணி பழைய தொப்பியைப் பற்றிப் பொய் சொல்லும். லைனிங்கின் ஓரம் பிரிந்திருக்கும் இடத்தில் டார்ச் அடித்துத் தோலின் விளிம்பைப் பாருங்கள். இப்போதைய தையலுக்குப் பயன்படாத பழைய ஊசித் துளைகள் ஒரு வரிசையாகத் தெரிந்தால், முன்பு வேறு லைனிங் இருந்திருக்கிறது. தோலை அதன் போக்கில் தனியாக மதிப்பிடுங்கள். துளை வரிசை ஒன்றுதான் இருக்கிறது, அதில் பாலியஸ்டர் நூல் ஓடுகிறது என்றால் தொப்பியே புதிது.

புறஊதா டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும். இருட்டில் அடித்தால் நூலோ துணியோ பளீர் நீலத்தில் ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டி இருக்கிறது. பெரும்பாலும் 1950க்குப் பிந்தியது. பழைய துணியைப் பின்னாளில் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். எனவே தோல் தையல் நூல் ஒளிர்கிறதா என்று பாருங்கள்; அதை யாரும் துவைப்பதில்லை.

இரண்டு வகைத் தொப்பிகள் எப்போதும் வலையில் சிக்கும். ஒன்று, குடியேற்றக் கால வீரர் டேவி கிராக்கெட் பெயரில் 1955 வாக்கில் கிளம்பிய மோகத்தில் சிறுவர்களுக்காகக் குவிந்தவை. தலை அளவு சிறிது, சுற்றிலும் மட்டும் ஃபர் பட்டை, உச்சியில் துணியோ ரெக்சின் போன்ற பொருளோ, வால் ஒற்றைத் தையலில் தொங்கும். இவற்றுக்கும் ஒரு சந்தை உண்டு, ஆனால் அது பொம்மைச் சந்தை. இரண்டாவது, பழைய வேட்டைக்காரர் வாழ்க்கையை நடித்துக் காட்டும் கூட்டங்களுக்காக ஆர்வலர்கள் கையால் தைத்தவை. ஏமாற்றும் நோக்கமே இல்லாமல் அருமையாகச் செய்திருப்பார்கள். மூன்று கை மாறியதும் 'அசல்' ஆகிவிடும். இங்கே நரம்பு நூலை (விலங்கின் தசைநாரைப் பிரித்துச் செய்யும் தையல் நூல்) சோதியுங்கள். உண்மையான விலங்கு நரம்பு காய்ந்து, ஒழுங்கற்ற நார்களாகப் பிரியும், தடிமன் இடத்துக்கு இடம் மாறும். மெழுகு பூசிய செயற்கை நரம்பு ஒரே சீராக இருக்கும், நுனியில் சூடு பட்டால் உருகும்.

4. தோலுக்கு உயிர் இருக்கிறதா?

மயிர் பளபளவென்று இருக்கும், தோல் செத்திருக்கும். கண்காட்சிப் பெட்டியில் வைத்துப் படமெடுத்தால் இது தெரியவே தெரியாது.

காதுமடலை மிக மெதுவாக, ஒரு விரல் அகலம் மட்டும் வளையுங்கள். துணி போல் வளைந்தால் நல்லது. காய்ந்த அப்பளம் போல் சடசடத்தால் அங்கேயே நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் வளைத்தால் கிழியும். பிறகு மயிரைச் சிட்டிகையாகப் பிடித்து மிருதுவாக இழுங்கள். ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. கொத்தாகக் கையோடு வந்தால் மயிர் வேர் விட்டுவிட்டது, அதற்கு மருந்து கிடையாது. வியர்வைப்பட்டையை (தொப்பியின் உள்விளிம்பில் நெற்றியைத் தொடும் தோல் பட்டை) தொட்டதும் விரலில் செம்பொடி ஒட்டினால் அந்தத் தோல் அரித்துக்கொண்டிருக்கிறது.

'கொஞ்சம் எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்' என்பார்கள். ஆகாது. அந்தக் காலத்து ஃபர் நிறையப் படிகாரத்தில் பதனிட்டது. தண்ணீர் பட்டால் படிகாரம் கரைந்து வெளியேறி, உலர்ந்ததும் தோல் பலகையாகிவிடும். எண்ணெய் மயிரில் ஊறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

5. விலங்கும் சட்டமும்

பணம் கட்டும் முன் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

ரக்கூன், பீவர், மஸ்க்ராட், செந்நரி, கொயோட், முயல், பைசன்: பழைய தொப்பியை அமெரிக்காவுக்குள் வாங்கி விற்க மத்தியச் சட்டத்தில் பெரிய தடை இல்லை. புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருங்கள்.

ஓநாய், கனடா லிங்க்ஸ் (காட்டுப்பூனை வகை), வுல்வரின் (சிறு கரடி போலத் தோன்றும் ஊனுண்ணி) போன்றவை அழியும் நிலை உயிரினச் சட்டத்தின் (1973) கீழ் வரக்கூடியவை. 100 வருடமோ அதற்கு மேலோ ஆன பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் வயதை நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கு அல்ல, விலக்குக் கேட்பவருக்கு. 1973 டிசம்பர் 28க்குப் பிறகு அந்தப் பட்டியலில் உள்ள விலங்கின் தோலையே வைத்து ஒட்டுப்போட்டிருந்தால் விலக்கு போய்விடும். 'அதே தோலில் அழகாகச் சரிசெய்தது' என்ற விளம்பர வரி இந்த இடத்தில் பெருமை இல்லை, எச்சரிக்கை.

கடல்நாய், கடல் நீர்நாய்: கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம். 1972 டிசம்பர் 21க்கு முன்பே எடுக்கப்பட்ட தோல் என்று காட்ட வேண்டும்.

இறகு: தொப்பியில் இறகு செருகியிருந்தால் நின்று யோசியுங்கள். கழுகு இறகு உள்ள பொருளை, அது எத்தனை பழசாக இருந்தாலும், விற்கக் கூடாது. பழம்பொருள் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றமே 1979இல் ஏற்கவில்லை. 'இறகைப் பிடுங்கிவிட்டுத் தருகிறேன்' என்று விற்பவர் சொன்னால் பொருளின் வரலாறும் போயிற்று, சிக்கலும் முழுக்கத் தீரவில்லை. விட்டுவிடுங்கள்.

மணிவேலை, நீர்நாய்த் தலைப்பாகை: இவை பூர்வகுடி மக்களின் சடங்குப் பொருள்களாக இருக்கலாம். திருடப்பட்ட, முறைகேடாகத் தோண்டி எடுத்த இத்தகைய பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 2022 டிசம்பரில் வந்த சட்டம் தடுக்கிறது. எங்கிருந்து, யாரிடமிருந்து, எப்போது வந்தது என்ற எழுத்து ஆதாரம் இல்லாமல் தொடாதீர்கள்.

மாநிலச் சட்டங்கள் தனி. கலிபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல் புதிய ஃபர் பொருள்களை விற்கத் தடை. பயன்படுத்திய ஃபருக்கு விலக்கு உண்டு. ஆனால் ஓநாய், கடல் நீர்நாய் போன்றவற்றை விற்பதை அதே மாநிலத்தின் தண்டனைச் சட்டம் தனியாகத் தடுக்கிறது. உங்கள் மாநிலம், விற்பவரின் மாநிலம் இரண்டையும் பாருங்கள்.

6. பணம் கட்டும் முன் வாங்க வேண்டிய காகிதம்

வாய்ச்சொல் வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். உள்பக்கம், லைனிங் பிரிந்த ஓரம், வால் இணையும் இடம், வியர்வைப்பட்டை, பழுது பார்த்த இடங்கள்: ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் வெளிச்சத்தில், அளவுகோலோடு ஒரு படம். பழைய தலை அளவுகள் சின்னவை. 6¾ என்றால் 54 செ.மீ., 7 என்றால் 56 செ.மீ.

ரசீதில் இருக்க வேண்டியவை: விலங்கின் பெயர், காலம், எந்தப் பகுதியிலிருந்து வந்தது, முந்தைய உரிமை பற்றித் தெரிந்தது, பழுது பார்த்த விவரம், 'மேற்கண்டது தவறானால் பணம் திருப்பித் தரப்படும்' என்ற வரி. சொற்களைக் கவனியுங்கள். 'ஃபிரான்டியர் ஸ்டைல்', 'மவுண்டன் மேன் ஸ்டைல்' என்றால் அந்தக் காலத்துப் பாணி. அந்தக் காலத்துப் பொருள் என்று எங்கும் சொல்லவில்லை. 'வின்டேஜ்' 1970ஆம் வருடமாகவும் இருக்கலாம். 'அவருடையது எனக் கருதப்படுகிறது' என்றால் ஆதாரம் இல்லை என்று படியுங்கள்.

7. உண்மையில் எவ்வளவு ஆகும்

ஏலத்தில் சுத்தியல் விழும் தொகை நீங்கள் கட்டும் தொகை அல்ல. வாங்குபவர் கட்டணம் என்று 20 முதல் 28 சதவீதம் வரை சேர்ப்பது வழக்கம். விற்பனை வரி அந்தக் கட்டணத்தின் மீதும் விழும். ஒரு கணக்கு: ஏல விலை 400 டாலர், 25% கட்டணம் 100, 500க்கு 8% வரி 40, பொதி, அஞ்சல், காப்பீடு சேர்த்து 35. மொத்தம் 575 டாலர். கடன் அட்டை என்றால் இன்னும் 3% கேட்பவர்களும் உண்டு. உங்கள் உச்சவரம்பை முடிவு செய்து, அதை 1.45ஆல் வகுத்து, அந்த எண்ணில் கையை இறக்கிவிடுங்கள்.

8. அமெரிக்காவுக்கு வெளியே அனுப்புவதானால்

ரக்கூன், பீவர், மஸ்க்ராட் ஆகியவை சைட்ஸ் (அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இல்லை. பாப்கேட் (காட்டுப்பூனை வகை), நீர்நாய், கருங்கரடி, லிங்க்ஸ், ஓநாய் உண்டு. பட்டியலில் இருந்தால், ஒப்பந்தத்துக்கு முந்தைய பொருள் என்ற சான்றிதழ் வேண்டும். அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் 3-200-23 படிவம் இதற்குத்தான். விண்ணப்பக் கட்டணம் 75 டாலர் அளவில். படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் தொகையே நடப்புத் தொகை. குறைந்தது 60 நாள் ஒதுக்குங்கள். அழியும் நிலைச் சட்டமோ கடல் பாலூட்டிச் சட்டமோ சேர்ந்தால் 90. வணிகமாக அனுப்பினால் 3-177 அறிவிப்புப் படிவமும், அனுமதிக்கப்பட்ட துறைமுகத்தில் 48 மணி நேரம் முன்னதாகத் தகவலும் தேவை.

போய்ச் சேரும் நாட்டின் விதி வேறு. இந்தியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், மிங்க், நரி, சின்சில்லா ரோமத்தோல் இறக்குமதிக்கு 2017 ஜனவரியில் தடை வந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். மற்ற விலங்குகளுக்கும் சுங்கத்திடம் எழுத்தில் கேட்காமல் பெட்டியில் போடாதீர்கள்.

9. பெட்டி வந்த அன்று

அலமாரிக்குள் வைக்காதீர்கள். துணிப்பூச்சியும் கம்பளி வண்டும் ஒரு தொப்பியோடு வந்து வீட்டுக் கம்பளி அத்தனையையும் தின்றுவிடும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பூச்சி வராமலிருக்க ஆர்செனிக், பாதரச உப்பு தடவிய தோல்கள் இருக்கின்றன. அருங்காட்சியகத்திலிருந்து கைமாறிய தொப்பி என்றால் இந்த நச்சுகள் இருக்கின்றனவா என்று காட்டும் எக்ஸ்ரே ஒளிர்வுச் சோதனை செய்து பார்ப்பது நல்லது.

தொப்பியை மெல்லிய தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். வீட்டு ஃப்ரீசரில் (-18 டிகிரி) இரண்டு வாரம். -30 டிகிரி தரும் ஃப்ரீசர் கிடைத்தால் மூன்று நாள் போதும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். முழு ஒரு நாள் அறை வெப்பத்தில் இருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரக்காற்று தோலில் வியர்த்துப் படியும், படிகாரத் தோலுக்கு அதுவே போதும். பிறகு மெல்லிய நைலான் வலை கட்டிய குழாயால், வாக்யூம் கிளீனரைக் குறைந்த இழுப்பில் வைத்துத் தூசி எடுங்கள்.

உள்ளே திணிக்கும் தாள் அமிலமற்றதாக மட்டும் இருந்தால் போதாது. காரம் சேர்க்காத தாளாகக் கேட்டு வாங்குங்கள். காரம் சேர்த்த தாள் பருத்திக்கும் காகிதத்துக்கும் நல்லது, தோலுக்கும் மயிருக்கும் அல்ல. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், வெயில் படாத இடம். டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற வெக்கை மாநிலங்களில் இருப்பவர்கள் கோடையில் ஃபர் கடைகளின் குளிர்க் கிடங்கில் வைக்கலாம். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஆணியில் மாட்டாதீர்கள். அந்துருண்டை தோலைத் தொடவே கூடாது.

உதிர்ந்த மயிரையும் பிரிந்த நூலையும் குப்பையில் போடாமல் சின்ன உறையில் போட்டு, தேதி எழுதி, ரசீதோடு பெட்டியில் வையுங்கள். இனம் பார்க்கும் நிபுணர் பின்னால் மாதிரி கேட்டால் தொப்பியிலிருந்து இன்னொரு மயிரைப் பிடுங்க வேண்டியிருக்காது.